'புல் ஸ்ட்ரிங்ஸ்' என்று நன்றி சொன்னது தவறா?

மார்த்தாண்டம்காரி, இரவு 9.10

இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

நான் வேலை பார்ப்பது ஒரு முந்திரிப்பருப்பு ஏற்றுமதி அலுவலகத்தில். கடிதப் போக்குவரத்து முழுவதும் என் தலையில்தான். போன வாரம் தூத்துக்குடியிலிருந்து போகவேண்டிய ஒரு கன்டெய்னர் பரிசோதனைத் தேதி கிடைக்காமல் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைதான் தேதி என்றார்கள். அதுவரை காத்திருந்தால் கப்பல் போய்விடும். சரக்கு வாங்குகிற இங்கிலாந்து கம்பெனியின் மேலாளருக்கு எழுதினேன். அவர் எங்கோ பேசி, செவ்வாய்க்கிழமைக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார். எங்கள் முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நல்ல இங்கிலீஷில் ஒரு நன்றி எழுது" என்றார்.

நல்ல இங்கிலீஷ் என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. 'தாங்க் யூ ஃபார் புல்லிங் ஸ்ட்ரிங்ஸ் ஃபார் அஸ்' என்று எழுதினேன். அகராதியில் 'செல்வாக்கைப் பயன்படுத்திக் காரியத்தை முடித்தல்' என்றுதான் போட்டிருந்தது. மெயிலின் நகல் அவருடைய அலுவலகத்தில் ஐந்து பேருக்குப் போயிற்று. அதில் ஒருவர் அவருடைய மேலதிகாரி.

பதில் ஒரே வரியில் வந்தது: நான் எந்தக் கயிற்றையும் இழுக்கவில்லை, ஒரு தேதி காலியாக இருந்தது, கேட்டேன், கொடுத்தார்கள். வழக்கமாகக் கடைசியில் போடுகிற 'அன்புடன்' கூட இல்லை.

நம் ஊரில் ஒருவரைச் செல்வாக்கு உள்ளவர் என்றால் அவர் மனம் குளிரும். இவருக்கு ஏன் சுட்டது?


விளவங்கோட்டான், இரவு 9.32

சகோதரி, நீங்கள் எழுதியதில் தவறே இல்லை. அந்த மனிதருக்கு நேரம் சரியில்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கம் மலையாள வாடையோடு 'பிடிபாடு' என்று ஒரு சொல் உண்டு. 'அவனுக்கு மேலே நல்ல பிடிபாடு' என்றால் பாராட்டுதான். பிடிபாடு இல்லாதவனுக்கு ரேஷன் கார்டில் பெயர் திருத்துவதற்கே ஆறு மாதம். வெள்ளைக்காரன் மட்டும் என்ன, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பதற்காக வேலை போட்டுக் கொடுக்கிற கூட்டம்தானே? அதற்கு ஒரு சொல்லும் வைத்திருக்கிறார்கள், 'ஓல்ட் பாய் நெட்வொர்க்'. செய்யலாமாம், சொன்னால் மட்டும் குற்றமாம்.


ஓய்வுபெற்ற வாத்தியார், நாகர்கோவில், இரவு 10.05

மக்களே, உன் அகராதி பொய் சொல்லவில்லை. பாதியில் நிறுத்திவிட்டது.

'செல்வாக்கைப் பயன்படுத்தி' என்பது சரி. விடுபட்டது 'மறைவாக' என்பதும், 'நேர்வழியைத் தாண்டி' என்பதும். பொம்மலாட்டத்தில் நூல் பார்ப்பவர் கண்ணில் படக்கூடாது. பட்டால் ஆட்டம் கெட்டது. அந்த வழக்கு அங்கிருந்து வந்ததுதான். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க அரசியலில் மேடைக்குப் பின்னால் நின்று ஆளையும் ஓட்டையும் நகர்த்துபவரை 'வயர் புல்லர்' என்று திட்டினார்கள். அது நூலாகவும் கம்பியாகவும் மாறி மாறிப் புழங்கியது. கம்பி மறைந்துபோய் நூல் நிலைத்துவிட்டது. பிறந்த இடமே வசைதான் என்பதை மனதில் வை.

இப்போது அந்தச் சொல் அவ்வளவு கொடியது இல்லை. ஒருவன் தன்னைப் பற்றியே 'ஐ புல்ட் எ ஃபியூ ஸ்ட்ரிங்ஸ்' என்று கண்ணடித்துச் சொல்லிக்கொள்ளலாம். பாதி பெருமை, பாதி வெட்கம். நண்பனிடம் 'கொஞ்சம் ஸ்ட்ரிங்ஸ் இழுத்துப் பாரேன்' என்று தனியாகக் கேட்கலாம். ஆனால் மேலதிகாரி படிக்கிற கடிதத்தில் இன்னொருவரைப் பார்த்து நீங்கள் ஸ்ட்ரிங்ஸ் இழுத்தீர்கள் என்று எழுதினால், 'வரிசையில் நின்றவர்களை விலக்கிவிட்டு என்னை உள்ளே விட்டீர்கள்' என்று அவருடைய மேலதிகாரி முன்னால் சாட்சி சொன்னது போல ஆகும். அவர் பயந்திருப்பார். அந்த ஒரு வரி பதில் உனக்கு எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. நகல் போன மற்ற ஐந்து பேருக்கு எழுதியது.

விளவங்கோட்டுத் தம்பி சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. அவர்களும் செய்கிறார்கள். அதனால்தான் சொல்லுக்கு இவ்வளவு கூச்சம்.


சந்தேகப்பிராணி, இரவு 10.21

சார், அப்படியென்றால் இது லஞ்சத்துக்கு நாகரிகமான பெயரா?


ஓய்வுபெற்ற வாத்தியார், இரவு 10.30

இல்லை. பணம் கைமாறினால் வேறு சொல். இதில் நடமாடுவது அறிமுகம், உறவு, பழைய கடன், 'அவர் கேட்டு எப்படி மறுப்பது' என்கிற தயக்கம். நம் 'சிபாரிசு' மாதிரி. அதுவும் பாரசீகத்திலிருந்து வந்த சொல்தான், எழுத்தில் மரியாதையாக இருக்கும், திண்ணையில் கெட்ட பெயர். 'சிபாரிசுக் கடிதம்' என்றால் முகத்தில் மாற்றம் இராது. 'சிபாரிசில் வந்தவன்' என்று சொல்லிப் பார், அந்த ஆள் ஆயுள் முழுவதும் அதைச் சுமப்பான்.


தேரூர் ஆசாமி, இரவு 10.44

தலைப்பை விட்டு ஓர் அடி விலகுகிறேன், மன்னிக்கவும். உறவுக்காரனுக்குப் பதவி கொடுப்பதை ஆங்கிலத்தில் 'நெப்போட்டிசம்' என்கிறார்கள் அல்லவா? அதன் வேர் இத்தாலிய மொழியில் 'நிப்போட்டே', அதாவது உடன்பிறந்தாரின் மகன். போப்பாண்டவர்கள் சிலர் தம் மருமகன்களைக் கர்தினால்களாக ஆக்கியதிலிருந்து வந்த வசை. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே வசை, இங்கே சட்டம்! திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மாவுக்குப் பிறகு 1758இல் பட்டத்துக்கு வந்தது மகன் அல்ல, மருமகன் தர்மராஜா. அரண்மனை மட்டுமா? நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளிலும் மருமக்கள் வழிதான். மாமன் சொத்து மருமகனுக்கு, பெற்ற பிள்ளை வாசலில். 1926இல் சட்டம் வந்துதான் அது மாறியது. எங்கள் ஊர்க்காரர் கவிமணி அந்த வழக்கத்தை 'மருமக்கள்வழி மான்மிய'த்தில் கிழித்துத் தோரணம் கட்டினார்.

ஆக, 'மருமகனுக்குக் கொடுத்தான்' என்ற அதே செயல் ஓர் ஊரில் முறை, இன்னோர் ஊரில் முறைகேடு. மார்த்தாண்டம்காரிக்கு நேர்ந்ததும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. சொல்லைக் கடல் தாண்டி அனுப்பினோம், அதன் மதிப்பு கரையிலேயே நின்றுவிட்டது.


குளச்சல் கரை, இரவு 10.50

மதிப்பு கரையில் நின்றது என்றால் எங்கள் ஊருக்கு வரவேண்டும். 1741இல் டச்சுக்காரர்களே எங்கள் கரையில்தான் நின்றுபோனார்கள்.


சந்தேகப்பிராணி, இரவு 10.52

வந்துவிட்டார். எந்த இழையாக இருந்தாலும் குளச்சல் போர் வந்தாகவேண்டும்.


மார்த்தாண்டம்காரி, இரவு 11.02

சார், ஒரு சந்தேகம். நான் எழுதியதில் 'த' இல்லை. சில இடங்களில் 'புல் த ஸ்ட்ரிங்ஸ்' என்று பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒன்றா?


ஓய்வுபெற்ற வாத்தியார், காலை 6.15

நேற்றே கேட்பாய் என்று நினைத்தேன். அந்த 'த' ஒன்று உள்ளே வந்தால் பொருள் வேறு. 'த' இல்லாமல் இருந்தால் ஒரு தடவை ஒரு காரியத்துக்காக அறிமுகத்தைப் பயன்படுத்துவது. 'த' வந்தால் எல்லா நூலும் அவன் விரலில். பொம்மை யார், ஆட்டுபவன் யார் என்ற கேள்வியே அங்கேதான் வருகிறது.

நம் ஊர்க்கதையையே சொல்கிறேன். 1798இல் பாலராம வர்மா திருவிதாங்கூர் அரியணையில் உட்கார்ந்தபோது அவருக்கு வயது 16. அரசர் பெயரில் ஆணை போட்டது ஜயந்தன் நம்பூதிரியும் அவரோடு சேர்ந்த இருவரும். வரிக்கு மேல் வரி. 1799இல் தலக்குளத்து வேலுத்தம்பி தெற்கிலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போனார். அந்த மூவரின் ஆட்டம் முடிந்தது. அந்த ஒரு வருடத்தில் ஜயந்தன் செய்தது 'த' உள்ள இழுப்பு. அரசரின் காதும் அவரிடம்தான் இருந்தது. 'ஹேவ் சம்ஒன்ஸ் இயர்' என்று அதற்கும் ஒரு வழக்கு உண்டு. ஒருவன் சொன்னால் பெரியவர் கேட்பார் என்கிற நிலை அது. அதை எழுதியிருந்தாலும் உன் மேலாளர் கோபித்திருக்க மாட்டார்.

தமிழில் 'த' உள்ளதற்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது: சூத்திரதாரி. சூத்திரம் என்றால் நூல். தாரி என்றால் அதைத் தாங்கிப் பிடிப்பவன். செய்தித்தாளில் 'முக்கிய சூத்திரதாரி கைது' என்று வாரம் ஒரு தடவையாவது படிக்கிறோம். படிக்கும்போது யார் கையிலும் நூல் தெரிவதில்லை.


பாவைக்கூத்துப் பைத்தியம், காலை 7.40

நூல், நூல் என்று பேசுகிறீர்களே, நம் மாவட்டத்துப் பாவைக்கு நூலே கிடையாது. இதைச் சொல்லாமல் எனக்குக் காலைக் காப்பி இறங்காது.

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பொம்மலாட்டத்தில்தான் மரப்பாவையும் நூலும். நம்முடையது தோல்பாவைக்கூத்து. ஆட்டுத்தோலில் வெட்டி, சாயம் ஏற்றி, நடுவில் ஒரு குச்சியைப் பிளந்து செருகியிருப்பார்கள். வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு. வீட்டில் மராட்டி பேசுகிற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நம்மிடம் தமிழில் ராமாயணம் ஆடிவருகின்றன. ஒரே ஆள் ராமனாகவும் பேசுவார், ராவணனாகவும் பேசுவார். நடுவில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அடித்துக்கொள்கிற சத்தமும் அவருடையதே. சின்ன வயதில் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்து ஏமாந்தவன் நான். அத்தனை பேர் சண்டை போட்ட இடத்தில் ஒரு மனிதர் வியர்த்து உட்கார்ந்திருந்தார்.

இந்த வழக்கை நாஞ்சில் நாட்டுக்காரன் உண்டாக்கியிருந்தால் 'குச்சி பிடித்தான்' என்றுதான் வந்திருக்கும்.

நூலுக்கு வள்ளுவர் இருக்கிறார். 1020ஆம் குறள்:

நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை
நாணால் உயிர்மருட்டி அற்று.

உள்ளே நாணம் இல்லாதவர் நடமாடுவது, மரப்பாவை கயிற்றால் ஆடி உயிர் இருப்பதாக மயக்குவது போல. முதல் நாண் வெட்கம், இரண்டாவது நாண் கயிறு. வெட்கமும் கயிறும் ஒரே சொல்லில் நிற்கிற மொழி நம்முடையது. அந்த மேலாளருக்கு வந்தது எந்த நாண் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். வள்ளுவர் நம் கடலில் 133 அடி உயரத்தில் நின்றுகொண்டிருக்கிறார், 1020ஐ யாரும் அவரிடம் போய்க் கேட்பதில்லை.


விளவங்கோட்டான், காலை 8.05

குறளில் கயிறு ஆட்டுபவனைப் பற்றி ஒன்றும் இல்லையே, பைத்தியம் அண்ணே. ஆடுகிற பொம்மைக்குத்தான் திட்டு. 'புல் ஸ்ட்ரிங்ஸ்' இழுப்பவனைச் சொல்வது. இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள்.


பாவைக்கூத்துப் பைத்தியம், காலை 8.11

ஒப்புக்கொள்கிறேன். ஆசையில் இழுத்துவிட்டேன். இழுத்தது நான் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.


குளச்சல் கரை, காலை 9.20

கயிறு இழுப்பது கேவலம் என்கிற மாதிரியே எல்லாரும் எழுதுகிறீர்கள். நான் இழுத்து வளர்ந்தவன். கரைமடி தெரியுமா? கட்டுமரம் வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டு வரும். இரண்டு கயிறும் கரையில் இருக்கும். இந்தப் பக்கம் பத்து இருபது பேர், அந்தப் பக்கம் பத்து இருபது பேர். பாட்டுப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் இழுப்போம். வலை தண்ணீருக்குள், கண்ணுக்குத் தெரியாது. கயிறு எல்லார் கண்ணுக்கும் தெரியும். யார் இழுத்தார், யார் சும்மா தொட்டுக்கொண்டு நின்றார் என்பதும் தெரியும். பங்கு போடும்போது அது பேசும்.

சுசீந்திரத்தில் மார்கழித் தேருக்கு வடம் பிடிப்பதும் கயிறு இழுப்பதுதான். அதைப் பெருமையாகச் சொல்கிறோம். ஓணத்துக்கு வடம்வலி நடத்திப் பரிசு கொடுக்கிறார்கள். அதனால் நம் காதில் 'கயிறு இழுத்தார்' என்பது உழைத்தார், கை கொடுத்தார் என்றுதான் விழும். மார்த்தாண்டம்காரி ஏமாந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். வெள்ளைக்காரனுடைய கயிறு மேடைக்கு மேலே, இருட்டில். எங்கள் கயிறு வெயிலில்.


ஓய்வுபெற்ற வாத்தியார், காலை 9.48

35 வருடம் வகுப்பில் இந்த வழக்கைச் சொல்லிக் கொடுத்தேன். இப்படி ஒரு விளக்கம் என் வாயில் வரவில்லை. நன்றி, தம்பி.

இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அப்படியே மொழிபெயர்த்தால் இன்னொரு குழியும் இருக்கிறது. தமிழில் 'கயிறு திரித்தான்' என்றால் பொய்க்கதை கட்டினான். 'சரடு விட்டான்' என்றாலும் அதே. 'நூல் விட்டுப் பார்த்தான்' என்றால் அடுத்தவர் மனதை ஆழம் பார்த்தான். ஒரு மாணவன் தேர்வில் 'என் மாமா எனக்காகக் கயிறு திரித்தார்' என்று எழுதினான். மாமா வேலை வாங்கிக் கொடுத்தாரா, பொய்ச் சான்றிதழ் கொடுத்தாரா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.


தோவாளை நார், காலை 10.10

பூ கட்டுகிற ஊரிலிருந்து ஒரு வரி. 'பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்' என்பதும் செல்வாக்குதான். ஆனால் நார் யாரையும் இழுக்கவில்லை, சும்மா கூட இருந்தது. கூட இருந்தே காரியம் சாதிப்பவர்களுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்கள் சார்?


ஓய்வுபெற்ற வாத்தியார், காலை 10.25

'ரப் ஆஃப் ஆன்' என்று ஒன்று உண்டு, ஒருவர் குணம் மற்றவர்மேல் ஒட்டிக்கொள்வது. உன் நார் அளவுக்கு மணக்காது.


மார்த்தாண்டம்காரி, பகல் 1.15

சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் படித்தேன். குளச்சல் அண்ணன் சொன்னதைப் படித்ததும் மனம் லேசாகிவிட்டது. நான் நினைத்தது வடம்தான், அவர் கண்டது நூல்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். நான் என்ன எழுதியிருக்கவேண்டும்? மன்னிப்புக் கேட்டு மறுபடி எழுதலாமா, இல்லை எழுதினால் இன்னும் கிளறுமா?


ஓய்வுபெற்ற வாத்தியார், பகல் 1.40

நீ சொல்ல நினைத்தது 'நமக்காக மெனக்கெட்டார்' என்பது. அதற்கு 'கோ அவுட் ஆஃப் யுவர் வே' போதும். அதில் ஒளிவுமறைவு இல்லை, அவர் பட்ட சிரமம் மட்டும் தெரியும். யாரிடமாவது நம்மைப் பற்றி நல்லதாகச் சொன்னதற்கு நன்றி என்றால் 'புட் இன் எ குட் வேர்ட்'. இது நம் 'ஒரு வார்த்தை சொல்லுங்கள்' என்பதன் உடன்பிறப்பு. யாரும் கோபிக்க மாட்டார்கள், ஏனென்றால் வார்த்தையை முகத்துக்கு நேராகச் சொல்லலாம். 'செல்வாக்கு' என்ற சொல்லைப் பிரித்துப் பார், அதிலும் வாக்குதான் செல்கிறது. செல்லாக்காசு போலச் செல்லாத வாக்கும் உண்டு. சொன்னால் செல்லுகிற வாக்கு உள்ளவன் செல்வாக்குள்ளவன். அதில் நூலும் இல்லை, இருட்டும் இல்லை. அகராதிக்காரர் இரண்டையும் ஒரே வரியில் கட்டிப்போட்டதுதான் உன் வினை.

மறுபடி எழுது. ஆனால் 'ஸ்ட்ரிங்ஸ்' என்ற சொல்லே வரக்கூடாது. 'நீங்கள் முறையாகக் கேட்டு ஏற்பாடு செய்ததற்கு நன்றி, அந்தத் தொடரின் பொருள் தெரியாமல் எழுதிவிட்டேன்' என்று இரண்டு வரி. நகல் அதே ஐந்து பேருக்கும் போகட்டும். பழி போன வழியிலேயே பரிகாரமும் போகவேண்டும்.


விளவங்கோட்டான், பகல் 1.52

இவ்வளவு பேசியும் எனக்கு ஒன்று உறுத்துகிறது. தேதி காலியாக இருந்தது என்கிறார். நம் ஆள் தூத்துக்குடியிலிருந்து கேட்டபோது ஏன் காலியாக இல்லை? அவர் கேட்டதும் எப்படிக் காலியானது? நூலே இல்லை என்று நான் நம்பத் தயாரில்லை. அவர் இழுத்ததை அவரே உணராமல் இருக்கலாம். பெரிய கம்பெனியின் பெயர் மெயிலின் அடியில் இருந்தாலே பாதி நூல் தானாக அசையும்.


ஓய்வுபெற்ற வாத்தியார், பகல் 2.05

தம்பி, இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.


தேரூர் ஆசாமி, பகல் 2.20

இதுதான் மருமக்கள் வழி. பிறந்ததாலேயே வந்த பங்கு, கேட்டு வாங்கியதாக அவனுக்கே தோன்றாது.


மார்த்தாண்டம்காரி, மறுநாள் மாலை 6.30

எழுதிவிட்டேன், சார் சொன்ன இரண்டு வரியும், ஐந்து நகலும். மதியம் பதில் வந்தது. கவலைப்படவேண்டாம், இந்தத் தொடர் தன் நாட்டுக்காரர்களையே தடுக்கி விழச்செய்வது உண்டு என்று எழுதியிருக்கிறார். இந்தத் தடவை 'அன்புடன்' இருந்தது.

வீட்டில் அம்மாவிடம் முழுக்கதையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். ஸ்ட்ரிங்ஸ், சூத்திரதாரி, கரைமடி எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "அவ்வளவு நல்ல மனிதரா? அப்படியென்றால் நம் தம்பிக்கு லண்டனில் ஒரு வேலைக்கு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லேன்" என்றார்.